முதுகைக் காட்டிய கேட்

அற்புதசாமி தன் வாழ்நாளில் ஒரு கேட்டைக்கூட மாட்டியதில்லை. ஆனால் அடுத்தவர் செய்த வேலையில் நொட்டை சொல்வதில் அவருக்கு முப்பத்தோரு வருஷ அனுபவம் இருந்தது. வீட்டின் பக்கவாட்டில், தோட்டத்துக்கு இரட்டைக் கதவு கேட் ஒன்று மாட்ட அந்த அனுபவம் தாராளம் என்று அவர் நினைத்தார். நினைத்ததோடு நிற்காமல் தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டார்.

கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் அவருக்குத் தரம் பார்க்கும் வேலை. வந்து இறங்கும் இரும்புச் சாமானை வரைபடத்தோடு ஒப்பிடுவார். சரியாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்ததற்குப் போவார். தப்பாக இருந்தால் மஞ்சள் சாக்பீஸால் அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. அந்தச் சாமானை உபயோகிக்கப் போகிறவர், 'பரவாயில்லை, எனக்கு இது போதும்' என்று கையெழுத்துப் போட்டால் உள்ளே விடலாம் என்று ஒரு விதி இருந்தது. அற்புதசாமி இருந்தவரைக்கும் அந்த விதி பீரோவுக்குள் தூங்கியது. ரிட்டயர்டாகி, எடமலைப்பட்டி புதூரில் சொந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆன பிறகும் அவர் சட்டைப் பையில் ஒரு மஞ்சள் சாக்பீஸ் இருந்தது. இட்லிமேல் பெருக்கல் குறி போடவில்லை, அவ்வளவுதான். அதையும் வாயால் போட்டுவிடுவார்.

"இவர் பையைப் பாக்காம சட்டையை ஊறப்போட்டா, மத்த துணிக்கெல்லாம் மஞ்சள் நீராட்டு விழாதான்" என்பார் மனைவி லூர்துராணி.

கேட்டுக்குக் காரணமே லூர்துராணியின் வலது முழங்கால். புதூரில் ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ரோடு வளர்ந்து வீடுகள் குள்ளமாகிக்கொண்டே போவதைப் பார்த்த அற்புதசாமி, முன்யோசனையோடு தன் வீட்டை உயர்த்திக் கட்டியிருந்தார். முன்வாசலில் ஏழு படி. ரோடு இன்னும் அந்த உயரத்துக்கு வந்து சேரவில்லை. அதற்குள் லூர்துராணியின் முழங்கால் தேய்ந்துவிட்டது.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தவர் மூன்றாவது படியில் அப்படியே நின்றுவிட்டார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. தெருவே கூடிவிட்டது. ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து நாலு பேர் தூக்கினார்கள். நாற்காலியின் ஒரு காலைப் பிடித்திருந்தவர் எதிர்வீட்டு தைரியராஜ். பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர். கைலாசபுரத்துக்காரர்களுக்கு இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அவருடைய நெடுநாள் கட்சி. சும்மா தூக்கியிருக்கலாம். "மாதா சப்பரம் வருது, வழி விடுங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அற்புதசாமியும் சிரித்துத் தொலைத்தார். முப்பது வருஷம் ஒரு பார்வையில் வகுப்பை அடக்கிய கணக்கு டீச்சர் லூர்துராணி, அன்றைக்கு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலை காபியோடு தீர்ப்பும் வந்தது.

"ஆபரேஷன் பண்ணிக்கறேன். ஆனா திரும்பி வரும்போது என் கால்ல நடந்துதான் வீட்டுக்குள்ள வருவேன். என்னைத் தூக்கிட்டுப் போற நாள் ஒண்ணு வரும், அன்னிக்கு ஆசை தீரத் தூக்கிக்கங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் என்மேல கை வைக்கக்கூடாது. தோட்டத்துப் பக்கமா வழி பண்ணுங்க. சுவரை இடிச்சுட்டு ஆட்டுக்கும் மாட்டுக்கும் தோட்டத்தைத் திறந்து விட்டுட்டு, இதான் வழின்னு சொல்லக்கூடாது. ஒழுங்கா கேட் இருக்கணும். இல்லேன்னா ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா ஜீயபுரம் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அங்க படியே கிடையாது."

"எத்தனை நாளைக்கு?"

"கால் சரியாகிற வரைக்கும். மூணு மாசம், நாலு மாசம்."

நாலு மாசம்! சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாதது ஒரு பக்கம் இருக்கட்டும். தன் நொட்டைகளைக் காதில் போட்டுக்கொள்ளாமலே 'உம்' கொட்டுகிற கலை தெரிந்த இன்னொரு ஆள் இந்தத் திருச்சி ஜில்லாவில் உண்டா? அற்புதசாமி அன்றைக்கே அளவு டேப்பை எடுத்துவிட்டார்.

வீட்டின் பக்கவாட்டில் லூர்துராணியின் தோட்டம். மல்லிகை, செம்பருத்தி, ஆளுயரக் கறிவேப்பிலை. தெருவிலிருந்து அதற்குள் போக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைகிற மாதிரி ஒரு இடுக்கு வழிதான் இருந்தது. கொத்தனார் மருதை வந்து சுவரை இடித்து, வழியை ஐந்தடி அகலமாக்கி, இரண்டு பக்கமும் தூண் எழுப்பினார். தூணில் கேட்டைத் தாங்க இரும்பு முளைகள் பதித்தார். சமையலறைக் கதவு வரைக்கும் படியில்லாமல் சரிவாக ஒரு சிமெண்ட் பாதை. மழைத் தண்ணீர் ரோட்டிலிருந்து உள்ளே வராமலிருக்க, கேட்டுக்கு அடியில் மூன்று விரல் உயரத்தில் ஒரு சிமெண்ட் தடுப்பு. தூண்களுக்கு ஈரச்சாக்கைச் சுற்றி, பத்து நாள் வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினார் அற்புதசாமி. தனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இப்படி ஈரத்துணி போட்டதில்லை என்றார் லூர்துராணி.

பிறகு வரைபடம். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒரு வீட்டு கேட்டைப் பார்த்து வைத்திருந்தார். தூண் ஓரத்தில் உயர்ந்து, நடுவில் வந்து சேரும்போது தாழ்ந்து, மடக்கிய இரண்டு இறக்கை மாதிரி இருக்கும். தெருப்பக்கம் வழவழவென்று தகடு. தோட்டத்துப் பக்கம் தகட்டைத் தாங்கும் குறுக்குப் பைப்புகள். மூன்று நாள் உட்கார்ந்து, இடது கதவைத் துல்லியமாக வரைந்தார். அடியில் 'இரண்டு எண்ணம்' என்று எழுதினார். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று கட்டம் போட்டார். தொழிற்சாலையில் மூன்று பேர் போட வேண்டிய கையெழுத்து. இங்கே மூன்றையும் அவரே போட்டார். மூன்று பேருக்குள்ளும் ஒரு கருத்து வேறுபாடும் வரவில்லை.

கிராப்பட்டியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தாஹா, அந்தத் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சார், ரெண்டும் இதே மாதிரிதானா?"

"பாய், தாள்ல என்ன இருக்கோ அது. ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் மஞ்சள் குறிதான், சொல்லிட்டேன்."

தாஹா நல்ல மனுஷர். "சரிங்க சார்" என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெங்களூரிலிருந்து வந்த மகள் பிரான்சி ஆஸ்பத்திரியில் அம்மாவோடு தங்கிக்கொண்டாள். தினமும் சாயங்காலம் போனில் லூர்துராணி கேட்பது ஒரே கேள்விதான்.

"வழி என்னாச்சு?"

"ராஜபாட்டை, ராணி. நீ வந்து பாரு."

புதன்கிழமை, இடைவெளியில் சாத்தி வைத்திருந்த தகரத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆடு உள்ளே வந்து, கறிவேப்பிலை மரத்தை வெறும் குச்சியாக்கிவிட்டுப் போன செய்தியை மட்டும் அவர் போனில் சொல்லவில்லை. நோயாளிக்கு அதிர்ச்சி ஆகாது.

வெள்ளிக்கிழமை காலை லோடு ஆட்டோவில் கதவுகள் வந்து இறங்கின. பச்சைப் பெயிண்ட் பளபளத்தது. இடது கதவைத் தாஹாவும் அவருடைய பட்டறை ஆள் ஒருவரும் தூக்கி, கதவின் வளையங்களைத் தூணின் முளைகளில் இறக்கினார்கள். 'ணங்' என்று உட்கார்ந்தது. அற்புதசாமி ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. ஒரு விரலால் தள்ளினார். கதவு பூனை மாதிரி நகர்ந்தது. எதிர்வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தைரியராஜ் பக்கம் திரும்பி, "கைலாசபுரம்!" என்றார், சத்தமாக.

அடுத்தது வலது கதவு. தூக்கிக்கொண்டு வந்த தாஹா தூணுக்கு முன்னால் நின்றார். கதவைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். அற்புதசாமியைப் பார்க்கவில்லை.

"மாட்டுங்க பாய், என்ன யோசனை?"

"வளையம் இந்தப் பக்கம் இருக்கு சார். தூண் அந்தப் பக்கம் இருக்கு."

"அது எப்படி?" என்று கேட்டுக்கொண்டே அற்புதசாமியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், சாக்பீஸை எடுத்து, பச்சைப் பெயிண்ட்மேல் பெரிசாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டது. "ரெண்டும் இடது கதவாச் செஞ்சு வெச்சிருக்கீங்க!"

தாஹா தாளை எடுத்து நீட்டினார். இடது கதவு. இரண்டு எண்ணம். மூன்று கையெழுத்து.

அற்புதசாமி மெதுவாகக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. தொழிற்சாலைக்கு வெளியிலிருந்து வரும் ஜோடிச் சாமான்களில் அவர் அடிக்கடி பிடித்த தப்பே இதுதான். 'இதன்படி ஒன்று, இதற்கு நேரெதிராக ஒன்று' என்று எழுத வேண்டிய இடத்தில் எவனாவது 'இரண்டு' என்று மொட்டையாக எழுதித் தொலைத்திருப்பான். அப்படி வரும்போதெல்லாம் சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தன் செருப்புகளைக் கழற்றி மேஜைமேல் வைத்து வகுப்பு எடுப்பார். "ரெண்டும் செருப்புதான். ரெண்டையும் இடதுகால் செருப்பாக் குடுத்தா போட்டுட்டு நடப்பீங்களா?" முப்பத்தோரு வருஷத்தில் இந்த வகுப்பைக் கேட்காத பட்டறைக்காரர் திருச்சியில் கிடையாது. தாஹாவுக்கு மட்டும் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் தாளைப் பார்த்த அன்றே கேட்டிருப்பார். கேட்கத்தான் செய்தார், பாவம்.

"புதுசா ஒண்ணு செய்ய எத்தனை நாள் பாய்?"

"வளைச்சு, வெல்டு வெச்சு, பெயிண்ட் காயணும். செவ்வாய்க்கிழமை ஆயிடும் சார்."

லூர்துராணி நாளைக் காலை பதினோரு மணிக்கு வருகிறார்.

"இல்லேன்னா" என்று இழுத்தார் தாஹா, "இதையே திருப்பி மாட்டலாம். வளையம் தூண் பக்கம் வந்துடும், உயரமும் சரியா இருக்கும். ஆனா முதுகுப் பக்கம் தெருவைப் பாக்கும்."

வேறு வழியில்லை. திருப்பி மாட்டினார்கள். தெருப்பக்கம் வந்துவிட்ட தாழ்ப்பாளைத் தாஹா அறுத்து எடுத்து உள்பக்கம் பற்றவைத்துக் கொடுத்தார். வளையங்களுக்கு கிரீஸ் வைத்தார். அவர் கருவிகளைக் கட்டும் நேரத்தில் அற்புதசாமி உள்ளே போய், லூர்துராணியின் முழங்காலுக்கென்று இருந்த வேளாங்கண்ணி எண்ணெயில் ஒரு சொட்டு கொண்டுவந்து அந்த முளையில் விட்டார். முதுகு காட்டினாலும் குழந்தை குழந்தைதானே.

தள்ளி நின்று பார்த்தால் ஒரு கதவு மாப்பிள்ளை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. மற்றது, சண்டை போட்டுவிட்டுத் திரும்பி நிற்கிற மாதிரி விலா எலும்பெல்லாம் தெரிய நின்றது. ஆனால் தைரியம்தானே அற்புதசாமியின் மூலதனம். அன்று சாயங்காலத்துக்குள் அவரிடம் விளக்கங்கள் தயாராகிவிட்டன. பால்காரரிடம், காற்றின் வேகத்தை உடைக்க இதுதான் முறை என்றார். ஜெபக்கூட்டத்து அம்மாவிடம், வீட்டுக்குள்ளே இருப்பவர்களும் ஒரு கதவோட முகத்தைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். அந்த அம்மா நெகிழ்ந்தே போய்விட்டார். கூரியர் கொண்டுவந்தவரிடம் ஜப்பான் என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.

தைரியராஜ் மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ரோட்டைத் தாண்டி வந்து, கேட் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"ஏன் சாமி, நாங்க பொன்மலையில ரயில் பெட்டிக்குக் கதவு மாட்டுவோம். ஒரு கதவைக்கூட பிரயாணிக்கு முதுகு காட்ட விட்டதில்லையே?"

"அதான் பிரயாணிங்க எல்லாரையும் ஜன்னல் வழியா ஏறவிட்டீங்களா?"

பதில் சூடாகத்தான் வந்தது. ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு அற்புதசாமிக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பால்காரரைச் சமாளித்துவிடலாம். ஜெபக்கூட்டத்தையே சமாளித்துவிடலாம். கணக்கு டீச்சரை என்ன செய்வது? அவர் விடையை மட்டும் பார்க்கிற ஆளில்லை; வழிமுறையை எழுதிக் காட்டச் சொல்வார்.

உடனே ஒரு யோசனை உதித்தது. லூர்துராணி வரும்போது இரண்டு கதவையும் உள்பக்கமாகத் திறந்து, செம்பருத்திப் புதருக்குள் நன்றாகத் தள்ளி வைத்துவிட்டால்? வரவேற்புக்கு வரவேற்பும் ஆச்சு. முதுகும் மறைந்துபோகும். செவ்வாய்க்கிழமை தாஹா புதுசு கொண்டுவந்து மாட்டிவிட்டால், சரித்திரத்தில் ஒரு சுவடும் இருக்காது.

சனிக்கிழமை பதினொன்றேகாலுக்கு கார் வந்து பக்கவாட்டில் நின்றது. பிரான்சி முதலில் இறங்கி வாக்கரை விரித்து வைத்தாள். லூர்துராணி காரின் கதவைப் பிடித்து, பல்லைக் கடித்து, தானே எழுந்து நின்றார். ஆறு நாளில் முகம் கொஞ்சம் வற்றியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பார்வை மட்டும் அப்படியே இருந்தது. எதிர்வாசலில் தைரியராஜ். கிரீஸ் சரியாக ஏறியிருக்கிறதா பார்க்கிறேன் என்ற சாக்கில் தாஹாவும் வந்து நின்றிருந்தார்.

"வா ராணி, வா. ராஜபாட்டை சொன்னேன்ல?" இரண்டு கதவும் புதருக்குள் பதுங்கியிருக்க, அற்புதசாமி நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

லூர்துராணி வாக்கரை ஊன்றி ஊன்றி வந்தார். நாலு எட்டு. ஐந்தாவது எட்டில் நின்றார். முன்னால் மழைத் தண்ணீர்த் தடுப்பு. மூன்று விரல் உயரம். காலையிலிருந்து பத்துத் தடவை அதைத் தாண்டிய அற்புதசாமிக்கு அது கண்ணிலேயே படவில்லை. ஐந்து நாளைக்கு முன்னால் முழங்காலை மாற்றிக்கொண்டவருக்கு அது பச்சைமலை.

"அம்மா, நான் பிடிச்சுக்கறேன்" என்றாள் பிரான்சி.

"தொடாதே."

"என் தோளைப் பிடிச்சுக்க ராணி."

"ஆடாத சாமானைத்தான் பிடிக்கணும்னு பிசியோ சொல்லியிருக்காங்க. நீங்க ஆடுவீங்க."

எதிர்வாசலிலிருந்து தைரியராஜின் குரல் வந்தது. இந்தத் தடவை அதில் கேலி இல்லை. "டீச்சர், நாற்காலி கொண்டாரட்டுமா?"

லூர்துராணியின் உதடு இறுகியது. திரும்பிக் காரைப் பார்த்தார். டிரைவர் இன்னும் இன்ஜினை நிறுத்தவில்லை. ஜீயபுரம் அரை மணி நேரம்தான்.

"அந்தக் கேட் கதவு எங்க?" என்று கேட்டார் லூர்துராணி. "ரெண்டுல ஒண்ணைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுங்க. அதைப் பிடிச்சுட்டு ஏறிடறேன். எனக்கு வலது கைப் பக்கம் வேணும்."

வலது கைப் பக்கம். பக்கம் பார்த்துத்தான் கேட்கிறார்!

முப்பத்தோரு வருஷமும் பெருக்கல் குறிகளும் செருப்பு வகுப்புகளும் கண்முன்னால் வரிசையாகப் போயின. பிறகு அவர் புதருக்குள் கைவிட்டு வலது கதவை இழுத்தார். செம்பருத்தி இலைகளை உதறிக்கொண்டு அது சத்தமில்லாமல் வந்தது. தடுப்பின் ஓட்டையில் தாழ்ப்பாளை இறக்கினார். கதவு தன் எலும்பையெல்லாம் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து அசையாமல் நின்றது. தகட்டின் குறுக்கே ஓடிய பைப் லூர்துராணியின் இடுப்பு உயரத்துக்கு, ஆஸ்பத்திரி நடைவழியில் வைத்திருப்பார்களே அந்தக் கைப்பிடி மாதிரி, நேராக நீட்டிக்கொண்டிருந்தது.

லூர்துராணி அதைப் பற்றினார். ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. பிரான்சி வாக்கரை எடுத்துத் தடுப்புக்கு உள்ளே வைத்தாள். முதலில் நல்ல கால். அடுத்து, ஒரு மூச்சு இழுத்து, புதுக்கால். ஒருவரும் கை வைக்கவில்லை. லூர்துராணி தன் தோட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தார், தன் காலில்.

பைப்பை விடாமல் அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது.

"அந்தக் கதவுக்குப் பைப் உள்பக்கம்தானே இருக்கு? இதுல மட்டும் வெளிப்பக்கம் இருக்கே. நான் பிடிச்சுட்டு ஏறணும்னா இப்படி வெச்சீங்க?"

நேற்றிலிருந்து யோசித்த எந்த விளக்கமும் இதன் கால்தூசிக்குக் காணாது. லூர்துராணியே கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். 'ஆமா' என்று ஒரு வார்த்தை போதும். அற்புதசாமியின் வாய் 'ஆ' வரைக்கும் போயும் விட்டது. தாஹா மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காயை அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல ராணி" என்றார் அற்புதசாமி. "தப்பு. நான் வரைஞ்சது தப்பு. ரெண்டும் ஒரே பக்கக் கதவா ஆயிப்போச்சு. வேற வழியில்லாம இதைத் திருப்பி மாட்டியிருக்கு. பாய்மேல ஒரு குத்தமும் இல்ல. அவர் அன்னிக்கே கேட்டாரு."

லூர்துராணி அவரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு பார்வை இறங்கி இறங்கி அவருடைய செருப்பில் வந்து நின்றது. முப்பது வருஷமாக ராத்திரிச் சாப்பாட்டோடு அந்த வகுப்பையும் கேட்டவர் ஆயிற்றே.

"ரெண்டும் இடதுகால் செருப்பா?"

"ம்."

முதலில் தோள்தான் குலுங்கியது. அப்புறம் சத்தமே வந்துவிட்டது. பைப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில், "அம்மா, தையல்! தையல்!" என்று பிரான்சி பதறினாள். எதிர்வாசலில் தைரியராஜ் பேப்பருக்குப் பின்னால் மறைந்தார். பேப்பர் குலுங்கியது. அற்புதசாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை தாராளமாகச் சிரித்தார்.

"செவ்வாய்க்கிழமை புதுசு கொண்டாந்து மாட்டிடறேன்மா" என்றார் தாஹா.

"எதுக்கு பாய்? புதுசு மாட்டினா நான் எதைப் பிடிச்சுட்டு வெளிய போய் வர்றது?"

லூர்துராணி கையை நீட்டி, கணவரின் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். கதவின் பச்சைத் தகட்டில் நேற்றுப் போட்ட பெருக்கல் குறி அழிக்க மறந்துபோய் இன்னும் இருந்தது. அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் பரீட்சைத் தாளில் போடுகிற மாதிரி நீளமாக ஒரு 'சரி' போட்டார். கீழே 'லூ.ரா.' என்று எழுதினார்.

"உபயோகிக்கப் போறவ நான். எனக்கு இது போதும்."

வாக்கரை ஊன்றி, சிமெண்ட் பாதையில் அவர் மெதுவாகச் சமையலறைப் பக்கம் நடந்தார். பின்னால் அற்புதசாமி ரசமட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கேட்டைக் கண்டுபிடித்தவரே தான்தான் என்பது போல வந்தார். பாதி வழியில் வாக்கர் நின்றது.

"என்னங்க."

"சொல்லு ராணி."

"கறிவேப்பிலைக்கு என்னாச்சு?"

அற்புதசாமி வெறும் குச்சியாக நின்ற மரத்தை ஏற இறங்கப் பார்த்தார். தொழிற்சாலைக் குரல் திரும்பி வந்திருந்தது.

"அது என் டிராயிங் இல்ல ராணி. அது ஆடு."